லினக்ஸ்ல வைஃபை: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி

வண்ணார்பேட்டையிலிருந்து:
மாமா ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் குடுத்தேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்டா, "வெளிய போர்டுல இருக்குல்லா, பாத்துப் போடு மருமவனே"ங்காரு. கடை போன் நம்பர்! லினக்ஸும் அதை வாங்கிக்கிட்டுப் பூட்டுப் படம் காட்டுது. பூட்டு இருக்கு, சாவி வாசல்லயே தொங்குது.

போர்டுல எழுதாட்டாலும் போன் நம்பர் ஆகாது. வைஃபையைப் பூட்டுற டபிள்யூபிஏ2 முறையில, ஒரு கருவி ரவுட்டரோட சேரும்போது ரெண்டும் ஒண்ணையொண்ணு சரிபாத்துக்கிற ஹேண்ட்ஷேக்கை ஒருத்தன் பிடிச்சுட்டா போதும். வீட்டுல உக்காந்து நம்பர் நம்பராப் போட்டுப் பாக்கலாம், ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. 6, 7, 8, 9-ல தொடங்குற பத்து இலக்க நம்பர் மொத்தமே 400 கோடிதான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சில மணி நேர வேலை.

"நம்ம கடையில திருட என்னல இருக்கு?"ன்னாரு. ஆதாரு, பத்திரம்னு ஊர் சனம் அனுப்புறது பூரா அந்த கம்ப்யூட்டர்லதானே கெடக்குன்னேன். அப்புறந்தான் ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க விட்டாரு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத அஞ்சு சொல்லைக் கோத்து பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு இல்லாம பட்டன்லயோ பின் நம்பர்லயோ சேர விடுற டபிள்யூபிஎஸ்ஸை அணைச்சாச்சு. பழைய பூட்டு முறை டிகேஐபி போயி, பலமான ஏஇஎஸ் மட்டும். கடைக்கு வாரவங்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க். ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டும் மாத்தினேன், அதை யாரும் நினைக்கிறதே இல்ல. டபிள்யூபிஏ2-க்கு அடுத்ததா 2018-ல வந்த டபிள்யூபிஏ3 இருந்தா இப்படி வீட்டுல உக்காந்து போட்டுப் பாக்குற வேலை நடக்காது. மாமா ரவுட்டர் அதுக்கு முந்தினது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
உங்களுக்கு வைஃபை பேராவது தெரிஞ்சுது. தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த அரசு லேப்டாப்புல டெபியன் 11-ங்கிற லினக்ஸ் போட்டேன், வைஃபை பட்டியலே காலி. உள்ள என்ன கருவி இருக்குன்னு காட்டுற எல்எஸ்பிசிஐ கட்டளையை அடிச்சா வைஃபை கார்டு இருக்கு, அதை ஓட்டுற ஃபர்ம்வேர்ங்கிற மென்பொருள்தான் இல்ல. அதை இறக்க நெட் வேணும், நெட்டுக்கு அது வேணும்! போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டு இறக்கினேன். 2023-ல வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரோடயே ஃபர்ம்வேர் வருது. அப்பவும் வரலைன்னா ஆர்எஃப்கில் கட்டளையைப் போட்டுப் பாருங்க, கீபோர்டு பட்டன்ல வைஃபை அணைஞ்சு கெடக்கும்.

தென்காசியிலிருந்து:
அம்பை தம்பி, ஓடுதேன்னு அப்டேட் பண்ணாம விட்டுராதிய. 2017-ல டபிள்யூபிஏ2-ல கிராக் (KRACK)னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. லினக்ஸ்ல வைஃபை இணைப்பைப் பாத்துக்கிற டபிள்யூபிஏ சப்ளிகன்ட் 2.4-லயும் அதுக்கடுத்ததுலயும் அந்த ஓட்டையால தகவலைப் பூட்டுற சாவியே முழுக்க பூஜ்யமாயிரும். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமா இருந்து என்ன செய்ய?

பாளை ஹாஸ்டல்லயிருந்து:
எங்க காலேஜ்ல யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டும் கேக்கும் எண்டர்பிரைஸ் வைஃபை. இது நிஜமாவே காலேஜ் வைஃபைதானான்னு சரிபாக்க உதவுறது சிஏ சான்றிதழ். 'சிஏ சான்றிதழ் தேவையில்லை'ங்கிற கட்டத்துல டிக் போட்டா உடனே வேலை செய்யுது, அதனால எல்லாப் பயலும் டிக் போடுதான். அதே பேர்ல எவனாவது ஒரு ஹாட்ஸ்பாட் வச்சா நம்ம கம்ப்யூட்டர் போயி அவன்கிட்ட லாகின் பண்ண நிக்கும். லேப் அண்ணன்கிட்ட சான்றிதழ் ஃபைல் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேப்பா"ன்னு தேடிக்கிட்டிருக்காரு.