ஹோமரின் ‘ஏனெமோஎஸ்ஸா’: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். டிராய் நகருக்குப் பழங்கிரேக்கக் கவி ஹோமர் வழங்கும் இன்னொரு பெயர் இலியோஸ். அதற்கு அவருடைய இலியட் காவியத்தில் அடிக்கடி வரும் அடைமொழி ‘ஏனெமோஎஸ்ஸா’. அனெமோஸ் என்றால் காற்று. பின்னொட்டுக்கு ‘நிறைந்த’ என்று பொருள். ‘காற்றோட்டமான இலியோஸ்’ என்று பலகையில் எழுதினேன். “வாடகைக்கு விடுறாங்களா சார்?” என்கிறான் ஒரு மாணவன். வெள்ளிக்கிழமை அடுத்த வகுப்பு. நல்ல சொல்லாகத் தாருங்கள்.
மு.

ஐயா, நிறைவுக்கு நம்மிடம் ‘மலி’ இருக்கிறதே. திருமுருகாற்றுப்படை மதுரையை ‘மாடமலி மறுகின் கூடல்’ என்கிறது. அதே அச்சில் ‘வளிமலி இலியோஸ்’. எழுதிப் பாருங்கள்.
செ.

கிரேக்க அனெமோஸ், வடமொழி அனிலம், இலத்தீன் அனிமுஸ் மூன்றுக்கும் வேர் ஒன்றே, மூச்சுவிடுவதைக் குறிப்பது. ‘அனிலமார் இலியோஸ்’ என்றால் வேரும் ஒத்துப்போகும்.
இரா.

ஆரம்பித்தாயிற்று! பையன்கள் அணில் என்று படிப்பார்கள். காற்றுக்குக் ‘கால்’ என்ற தமிழ்ச்சொல் இருக்க அனிலம் எதற்கு? சிலம்பில் சாளரத்துக்கே காலதர் என்று பெயர். வளிமலி பிடிக்காவிட்டால் ‘கால்பொரு இலியோஸ்’, அதாவது காற்று மோதும் இலியோஸ், என்று வைத்துக்கொள்ளுங்கள்.
செ.

குதிகாலில் அம்பு பட்டு மாண்டதாகச் சொல்லப்படும் கிரேக்க வீரன் அக்கிலீஸ் வரும் காவியத்தில் கால் என்றால் குதிகால்தான் நினைவுக்கு வரும்.
இரா.

குதிகால் கதை இலியட்டிலேயே கிடையாது, ஐயா.
செ.

சரி, இருவரும் கொஞ்சம் பொறுங்கள். டிராய் இருந்த ஹிசார்லிக் மேடு, தார்தனெல்ஸ் நீரிணையின் வாயருகே இருக்கிறது. வடகிழக்குக் காற்றும் எதிர்நீரோட்டமும் சேர்ந்து தடுக்க, பாய்மரக் கப்பல்கள் உள்ளே நுழைய முடியாமல் பெசிக் விரிகுடாவில் காத்துக் கிடந்திருக்கும் என்பது அங்கே அகழாய்வு செய்த கார்ஃப்மானின் கருத்து. ஆகவே அடைமொழி வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் ஹோமர் அதே சொல்லை ஆர்க்காடியாவின் எனிஸ்பே ஊருக்கும் போடுகிறார். 22ஆம் காண்டத்தில் அக்கிலீஸ் டிராய் வீரன் ஹெக்டரைத் துரத்தும்போது இருவரும் ஒரு காட்டத்தி மரத்தைக் கடந்து ஓடுகிறார்கள். அந்த மரத்துக்கும் இதே அடைமொழிதான். ‘வளிமலி அத்தி’ என்றால் மரத்துக்குள் காற்றை அடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. ‘காற்றலைக்கும் அத்தி’, ‘காற்றலைக்கும் இலியோஸ்’: பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.
நா.

இதற்கு என் ஓட்டு. அனிலத்தை விட்டுவிட்டேன்.
இரா.

வெள்ளி காலை ஆகிவிட்டது. வேறு வழியில்லை, ‘காற்றலைக்கும்’ என்றே எழுதிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.
மு.

மரம் அலையும், சரி. மதில் சூழ்ந்த ஊர் எப்படி ஐயா அலையும்? எனக்கு இன்னமும் வளிமலிதான்.
செ.