கொம்புச்சா (சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்த பானம்) போடுகிறவர்களே, தொட்டியும் சூடும் உங்களைப் படுத்தியது உண்டா?

மதுரைக்காரன்:
போன மே மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. 50 லிட்டர் எவர்சில்வர் டிரம் இரண்டு, ஏசி அறை. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் தினமும் 25 டிகிரி காட்டியது, நிம்மதியாக இருந்தேன். ஏழாம் நாள் துணியை விலக்கினேன். வினிகர் நெடி கண்ணைக் கரித்தது. தெர்மாமீட்டரைக் கழற்றி டிரம்முக்குள் விட்டால் 31! அது இத்தனை நாளும் ஏசிக் காற்றுக்கு நேர் கீழே தொங்கியிருக்கிறது. டிரம் இரண்டும் மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டி. நூறு லிட்டரையும் கொட்டினேன். முதல் கடை ஆர்டர் அது.

கொடைக்கானல் அக்கா:
எனக்கு நேர்மாறு தம்பி. இங்கே டிசம்பரில் அறைக்குள்ளேயே 15, 16தான். குளிரில் புளிப்பு ஏறவே இல்லை, பூஞ்சையைத் தடுப்பதே அந்தப் புளிப்புதான். பத்தாம் நாள் பார்த்தால் ஸ்கோபி (தேநீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சேர்ந்த தோல் போன்ற படலம்) மேல் காசு அளவுக்குப் பச்சையாக, பஞ்சு போலப் பூஞ்சை. மூன்று வருடம் வளர்த்த தாய்த்தோல், அப்படியே தூக்கிப் போட்டேன். இப்போது கண்ணாடி ஜாடிக்குப் பக்கவாட்டில் ஹீட்டிங் பெல்ட் கட்டுகிறேன். பழைய புளித்த கொம்புச்சாவையும் முன்பைவிடக் கூடுதலாக ஊற்றுகிறேன்.

கோவை பட்டறை:
மதுரைத் தம்பி, ஏசியை நம்பியதுதான் தப்பு. அறையை ஏன் குளிரவைக்க வேண்டும்? பழைய ஃப்ரிட்ஜில் எஸ்டிசி-1000 கன்ட்ரோலரை மாட்டுங்கள், வைத்த சூட்டுக்கு ஏற்ப அதுவே ஃப்ரிட்ஜை ஆன் ஆஃப் செய்யும். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டி, மேலே தெர்மோகோல் துண்டு வைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் திரவத்தின் சூடு தெரியும். 26 வைத்தால் போதும். கம்ப்ரஸர் தாமதத்தை மூன்று நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள், அடிக்கடி ஆன் ஆஃப் ஆனால் போய்விடும். காற்று வேண்டும், கதவை அவ்வப்போது திறந்துவிடுங்கள். அப்புறம், எவர்சில்வர் என்று சொன்னீர்களே, எந்த கிரேடு? நான் காந்தம் ஒட்டவில்லை, 304தான் என்று நம்பி வாங்கிய டிரம், நாலு மாதத்தில் வெல்டிங் ஓரம் பழுப்பாகிவிட்டது. வந்தது 202. அதிலும் காந்தம் ஒட்டாது. கொம்புச்சா பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 3 பக்கம் போகிற சரக்கு, 202 தாங்காது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். உயரமான டிரம்மும் வேண்டாம், வாய் அகலமாக இருந்தால்தான் சீக்கிரம் புளிக்கும்.

மதுரைக்காரன்:
அண்ணா, ஷெல்ஃபை எல்லாம் கழற்றினாலும் வீட்டு ஃப்ரிட்ஜில் 50 லிட்டர் டிரம் நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன். சென்சார் விஷயம் சரி. இப்போது டிரம்மைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, சென்சாரை அதன் மேலேயே ஒட்டியிருக்கிறேன். கிரேடு தெரியாது, பில்லைத் தேடுகிறேன்.

புதுச்சேரி:
அதே வெயில்தான். இரண்டாம் நொதிப்புக்கு, அதாவது பாட்டிலுக்குள் வாயு ஏறுவதற்கு, பழச்சாறு சேர்த்து மூடிய பாட்டில்களை ஒரே ஒரு மதியம் வேனில் விட்டேன். கடை வாசலில் பெட்டியை இறக்கும்போது ஒன்று வெடித்து, பையனின் உள்ளங்கையில் நாலு தையல். அன்றிலிருந்து ஐஸ் பெட்டி இல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போவதில்லை. இப்போதும் அவன் பெட்டியைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.