நல்லெண்ணெயில் மல்லிகை மணம் ஏற்றுவது: பத்து நாளில் காறிப்போவது ஏன்?

வைகைக்கரை (திருமங்கலம்):
வாலையில் (ஆவியாக்கி வடிக்கும் கலம்) வடிக்காமலேயே கிரேக்கர்களும் ரோமானியர்களும் பூமணத்தை எண்ணெயில் இறக்கியிருக்கிறார்கள். அதே வழியில் மதுரை மல்லியை ஊறப்போட்டால் பத்தே நாளில் கலங்கி, காறல் அடிக்கிறது. 1 லிட்டர் செக்கு நல்லெண்ணெய், கால் கிலோ பூ, மூடிய ஜாடி, வெயில். எங்கே தப்பு?

செக்கடி:
கலங்குவது ஈரத்தால், காறுவது வெயிலால். நம்ம பக்கம் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவார்கள். அதன் ஈரமும் மண்டியும் எண்ணெயில் தங்கும். கருப்பட்டி சேராததாகக் கேட்டு வாங்கி, நாலு நாள் தெளியவிட்டு மேலெண்ணெயை மட்டும் எடுங்கள். மார்க்கெட்டில் பூவுக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். துணியில் பரப்பி உலர்த்தாமல் போடவே கூடாது.

மல்லிக்குச் சூடும் ஆகாது. பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கிற பூ அது. சாயங்காலம் மொட்டாகப் போட்டு, விடிந்ததும் அரித்து எடுத்துவிடுங்கள். பழுப்பேறிய பூ கிடந்தால் எண்ணெய் அந்த வாடையைத்தான் பிடிக்கும்.

தொல்மணம்:
ஈரத்தைப் பற்றி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் எச்சரித்திருக்கிறார். ரோஜா எண்ணெய்க்கு அவர் அளவு: எண்ணெய் 20 ராத்தல் 5 அவுன்ஸ் (ரோமானிய எடை, சுமார் 6.7 கிலோ), வாசனைப்புல் 5 ராத்தல் 8 அவுன்ஸ் (1.85 கிலோ), ஈரம்படாத 1000 ரோஜாக்களின் இதழ். புல்லை நசுக்கி நீரில் குழைத்து, எண்ணெயோடு கொதிக்கவைத்து, எண்ணெயை வடித்த பிறகே பூ. கையில் தேன் தடவி மெல்லப் பிசைந்து, ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிவது. ஏழு தடவை வரை புதுப்பூ போடலாம். பூச்சாறு கொஞ்சம் தங்கினாலும் எண்ணெய் கெடும் என்கிறார். உங்கள் ஜாடியின் அடியைப் பாருங்கள், முத்து முத்தாக நீர் நிற்கும்.

புல் எதற்கு? துவர்ப்புக்கு. எண்ணெயை முதலில் துவர்ப்பூட்டினால் மணத்தை நன்றாக வாங்கும் என்று அவருக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் எழுதினார். ரோஜாவுக்கு எள்ளெண்ணெயே உகந்தது என்றவரும் அவர்தான். சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தலுக்கு வரும் ‘பத்துத் துவர், ஐந்து விரை’ (விரை என்றால் மணப்பொருள்) நினைவுக்கு வரலாம். அங்கே ஊறுவது நீரில், எண்ணெயில் அல்ல; இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

வைகைக்கரை:
நன்றி ஐயா. எண்ணெய்க்குப் பதில் எள்ளிலேயே மணம் ஏற்றினால்?

செக்கடி:
மல்லிக்கு அதுதான் சரி. வடக்கே ஃபுலேல் என்ற பூமண எண்ணெயை அப்படித்தான் செய்கிறார்கள். தோல் நீக்கிய எள்ளை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே பூ, அதன்மேல் எள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சலித்துப் புதுப்பூ மாற்றுங்கள். பூவின் ஈரம் எள்ளில் ஏறியிருக்கும். நிழலில் காயவைத்து, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைகிறதா பார்த்த பிறகு செக்கில் போடுங்கள். நமத்த எள் களியாகச் சுற்றிக்கொள்ளும், எண்ணெய் பிரியாது.