எல்விஸுக்கே இல்லை

குழு: மூலைவீட்டுக் குடும்பம்
வியாழன்

நான் (7:12): எல்லோருக்கும் காலை வணக்கம். ஒரு நல்ல சேதி. நான் யூடியூபில் போட்ட மூன்று பாட்டையும் ஒரு இசை நிறுவனம் கேட்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 75,000 ரூபாய். ஒப்பந்தம் அனுப்பிவிட்டார்கள். நாளை மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

மதுரை மாமா (7:13): என் மருமகளா கொக்கா!

அம்மா (7:15): நேற்று ராத்திரியே என்னிடம் சொல்லிவிட்டாள். இன்றைக்குப் பாயசம்.

பெரியப்பா (7:19): வாழ்த்துகள் அம்மா. யோசிக்காமல் கையெழுத்துப் போடு. வீடு தேடி வருகிற லட்சுமியை வாசலில் நிற்க வைக்கக் கூடாது.

டென்னசி அண்ணன் (7:31): இங்கே ராத்திரி பத்து மணி. தூங்கப் போகும் நேரத்தில் இதைப் பார்த்தேன். கையெழுத்து இருக்கட்டும், முதலில் அந்த ஒப்பந்தத்தைக் குழுவில் போடு.

நான் (7:32): [பிடிஎஃப், 11 பக்கங்கள்]

டென்னசி அண்ணன் (7:44): நாலாவது பக்கத்தைப் படித்தாயா? வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு எல்லாமே என்றென்றைக்கும் அவர்களுக்குச் சொந்தம். உலகம் முழுக்க. அப்புறம் உன் பாட்டை நீ கல்லூரி விழாவில் பாடுவதற்கே அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

பெரியப்பா (7:47): பணம் கொடுப்பவன் கேட்கத்தான் செய்வான். வீட்டை விற்ற பிறகு மொட்டைமாடியில் போய் வடகம் காயவைக்க முடியுமா?

டென்னசி அண்ணன் (7:48): அப்பா, விற்பது வேறு, வாடகைக்கு விடுவது வேறு. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனைத் தெரியுமா உங்களுக்கு? தன் பாட்டைத் தானே எழுதுபவர்.

மதுரை மாமா (7:49): டாலி என்றால் அந்தக் குளோனிங் ஆடுதானே?

டென்னசி அண்ணன் (7:49): அந்த ஆட்டுக்கே இந்த அம்மாவின் பெயரைத்தான் வைத்தார்கள், மாமா.

மதுரை மாமா (7:50): ஏன்?

டென்னசி அண்ணன் (7:50): குடும்பக் குழுவில் வேண்டாம்.

வக்கீல் சித்தி (7:52): கூகுளில் பார்த்துவிட்டேன். வேண்டாம்தான்.

டென்னசி அண்ணன் (7:58): நாங்கள் இருக்கும் நாக்ஸ்வில்லிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் சிவியர் கவுண்டி. ஸ்மோக்கி மலை அடிவாரம். 1946-ல் அங்கேதான் பிறந்தார், பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. ஒற்றை அறை மரவீடு. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் அவருடைய அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தாராம். எட்டு வயதில் கிடார் வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? பில் ஓவன்ஸ். அம்மாவோடு பிறந்தவர்.

மதுரை மாமா (7:59): தாய்மாமன்! அமெரிக்காவிலும் சீர் செய்வது தாய்மாமன்தான். எல்லோரும் கவனிக்கவும்.

மதுரை அத்தை (8:01): இவளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த கிடாருக்கு ஆறு மாதம் தவணை கட்டியது என் சம்பளத்திலிருந்து. அதையும் எல்லோரும் கவனிக்கவும்.

டென்னசி அண்ணன் (8:06): அந்த மாமா கிடாரோடு நிறுத்தவில்லை. பத்து வயதுப் பெண்ணை நாக்ஸ்வில் ரேடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பாட வைத்தார். 1964-ல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே அந்தப் பெண் நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே மாமாவும் மருமகளுமாகச் சேர்ந்து ஒரு பாடல் பதிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். பெயர் ஓவ்பார். ஓவன்ஸில் பாதி, பார்ட்டனில் பாதி. இதுதான் முக்கியம். எழுதிய பாட்டு யார் வீட்டில் தூங்க வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டார்கள்.

அம்மா (8:07): கல்யாணம் ஆனதா?

டென்னசி அண்ணன் (8:09): நாஷ்வில்லில் இறங்கிய அன்றைக்கே துணி துவைக்கும் கடை வாசலில் கார்ல் டீனைப் பார்த்தார், சித்தி. 1966-ல் கல்யாணம். தார் ரோடு போடும் தொழில் அவருக்கு. மேடைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். 2025 மார்ச்சில் அவர் இறக்கும்வரை சேர்ந்தேதான் இருந்தார்கள்.

அம்மா (8:10): பாவம். நல்ல மனிதர்.

வக்கீல் சித்தி (8:12): படம் பார்த்தேன். என்ன அலங்காரம் அது! புறப்படத் தயாரான தேர் மாதிரி இருக்கிறார்.

டென்னசி அண்ணன் (8:13): இவ்வளவு மலிவாகத் தெரிவதற்கு எவ்வளவு செலவாகிறது தெரியுமா என்று அவரே கேட்பார். ஆனால் நகத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். 1980-ல் ஒரு படத்தில் நடித்தபோது அந்தச் செயற்கை நகங்களை ஒன்றோடொன்று உரசினார், டைப்ரைட்டர் மாதிரிச் சத்தம் வந்தது. அதையே தாளமாக வைத்து 'நைன் டு ஃபைவ்' எழுதினார். ஒலிப்பதிவிலும் அந்த நகச் சத்தம் இருக்கிறது. மறு வருடம் நாட்டின் முதலிடப் பாட்டு அது.

அம்மா (8:14): அந்த நகத்தோடு கிடார் எப்படி வாசிக்கிறார்?

பெரியப்பா (8:20): கதை நன்றாக இருக்கிறது. ஒப்பந்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

டென்னசி அண்ணன் (8:29): வருகிறேன் அப்பா. 1967-லிருந்து போர்ட்டர் வேகனர் என்பவரின் டிவி நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் தனியாகப் போக நினைத்தார், அவர் விடவில்லை. வாய்ச்சண்டை போட்டுப் பலன் இல்லை என்று ஒரு பாட்டு எழுதிக்கொண்டு போய் அவர் எதிரிலேயே பாடினார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ.' காதல் பாட்டு என்றுதான் ஊரே நினைக்கிறது. உண்மையில் அது ஒரு ராஜினாமாக் கடிதம். அவர் அழுதுவிட்டு அனுப்பி வைத்தார். 1974-ல் அது கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமிய இசை, பாடல் பட்டியலில் முதலிடம்.

வக்கீல் சித்தி (8:30): அழுது அனுப்பியவர் அப்புறம் வழக்குப் போட்டாராமே?

டென்னசி அண்ணன் (8:31): 1979-ல். 30 லட்சம் டாலர் கேட்டார். கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். 2007-ல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது இவர் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

டென்னசி அண்ணன் (8:38): இப்போது நம் விஷயம். ராக் அண்ட் ரோல் ராஜா எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை, எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒலிப்பதிவு நெருங்கும்போது எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் போன் செய்கிறார். எல்விஸ் பாடும் பாட்டில் பதிப்புரிமை பாதியாவது எங்களுக்கு வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்கிறார். டாலி முடியாது என்று சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க அழுதாராம்.

பெரியப்பா (8:40): எல்விஸ் பாடியிருந்தால் பாதியே கோடிக்கணக்கில் வந்திருக்கும். இது கெட்டிக்காரத்தனம் இல்லை, வீம்பு.

பாட்டி (8:44): [குரல் பதிவு 0:21]

அம்மா (8:46): பாட்டி கேட்கிறார்கள்: விடிய விடிய அழுததே, அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் படுத்ததா?

டென்னசி அண்ணன் (8:52): அது தெரியவில்லை பாட்டி. ஆனால் 18 வருடம் கழித்து, 1992-ல், விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை ஒரு படத்துக்காகப் பாடினார். அமெரிக்காவில் தொடர்ந்து 14 வாரம் முதலிடம். காரில் போகும்போது ரேடியோவில் முதல்முறை கேட்டு டாலி வண்டியை எங்காவது மோதிவிடப் பார்த்தாராம். வந்த பணத்தில் எல்விஸின் மாளிகையையே வாங்கியிருக்கலாம் என்று பிறகு சொன்னார். வாங்கியது நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டடம். விட்னியை நினைத்து வாங்கினேன் என்றார்.

அப்பா (9:05): இப்போதுதான் படித்து முடித்தேன். ஒரு சந்தேகம். விட்னி பாடாமலே போயிருந்தால்? ஜெயித்தவர் கதையைத்தான் நாம் பேசுகிறோம். உரிமையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து ஒன்றுமே வராத ஆயிரம் பேர் இருப்பார்களே.

நான் (9:06): அதைத்தான் நானும் நினைத்தேன் அப்பா. நான் டாலி இல்லை. மூன்று பாட்டுக்கும் சேர்த்து 4,000 பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

வக்கீல் சித்தி (9:17): மைத்துனர் கேள்வி சரியான கேள்வி. டாலி ஒன்றும் வெறுங்கையோடு மறுக்கவில்லை. பாட்டு ஏற்கெனவே முதலிடம் வந்து சம்பாதித்துக்கொண்டிருந்தது, அதனால் தைரியம் இருந்தது. உனக்கு அந்த வசதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதியதும் மெட்டும் ஒன்று. பாடிப் பதிவு செய்தது இன்னொன்று. விட்னி பாடிய பதிவு அவருடைய கம்பெனிக்கு. பாட்டு டாலிக்கு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு ஓடினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் காசு, பாடியவருக்கு ஒரு சென்ட் கிடையாது. விட்னி ஒவ்வொரு முறை ரேடியோவில் உருகியபோதும் பணம் போனது டென்னசிக்கு.

மதுரை மாமா (9:18): அடேயப்பா.

வக்கீல் சித்தி (9:24): நம் ஊரிலும் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டுக்கு, எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பணத்தில் தங்கள் பங்கை, அப்படியே எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், பதிப்புரிமைச் சங்கத்துக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்த 11 பக்கத்தில் ராயல்டி என்ற சொல்லே இல்லை. 75,000-ஐக் காட்டி அதை மறக்கடிக்கப் பார்க்கிறார்கள். அதோடு, ஒரே நாள் கெடு கொடுப்பவனை நம்பாதே. இது என் 22 வருட அனுபவம்.

பெரியப்பா (9:41): 1991-ல் பைபாஸ் பக்கத்து நாலு சென்ட்டுக்கும் ஒரே நாள்தான் கெடு கொடுத்தார்கள்.

அப்பா (9:42): விடுங்கள் அண்ணா.

பெரியப்பா (9:43): சொன்னேன், அவ்வளவுதான்.

டென்னசி அண்ணன் (9:50): தூக்கம் வருகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். குழந்தைக்கு மாதா மாதம் தபாலில் ஒரு கதைப் புத்தகம் வருகிறதே, வீடியோ காலில் காட்டினோமே அப்பா, அது டாலி அனுப்புவதுதான்.

பெரியப்பா (9:51): எது? என் பேத்தி பெயர் ஒட்டி வருகிறதே, அதுவா?

டென்னசி அண்ணன் (9:54): அதேதான். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறையில் 1995-ல் தன் ஊரில் மட்டும் தொடங்கினார். பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை மாதம் ஒரு புத்தகம், இலவசம். இப்போது பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து வரைக்கும் போகிறது. 20 கோடிப் புத்தகத்தைத் தாண்டிவிட்டது. 2016-ல் இங்கே காட்டுத்தீயில் வீடு இழந்த குடும்பங்களுக்கு மாதம் 1,000 டாலர் என்று ஆறு மாதம் கொடுத்தார். அள்ளிக் கொடுக்கிற கைதான் எல்விஸுக்குப் பாதி கொடுக்க மாட்டேன் என்றது.

பெரியப்பா (9:56): இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் இவ்வளவு நேரம் வாதாடப் போகிறேன்?

வக்கீல் சித்தி (10:02): கண்ணு, நான் ஒரு மெயில் எழுதித் தருகிறேன். வரிகளும் மெட்டும் உன் பெயரில் இருக்கும். ஒலிப்பதிவை மட்டும் ஐந்து வருடத்துக்கு அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ராயல்டி தனியாக. அனுப்பிப் பார். ஓடிவிட்டால் ஓடட்டும்.

நான் (10:03): கை நடுங்குகிறது சித்தி.

பாட்டி (10:09): [குரல் பதிவு 0:09]

அம்மா (10:10): முதலில் சாப்பிடச் சொல்கிறார்கள்.

வெள்ளி

நான் (17:26): பதில் வந்துவிட்டது. மூன்று பாட்டு வேண்டாமாம். மழைப் பாட்டு ஒன்று மட்டும். 20,000 ரூபாய். எழுத்தும் மெட்டும் என் பெயரிலேயே இருக்கும், ராயல்டி பற்றி ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். சித்தி, தனியாக அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரியப்பா (17:29): 75-லிருந்து 20.

பெரியப்பா (17:31): சரி, மற்ற இரண்டும் உன்னிடமே இருக்கிறதல்லவா?

நான் (17:31): இருக்கிறது பெரியப்பா.

வக்கீல் சித்தி (17:48): படித்துவிட்டேன். 6-வது பத்தியில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லு, அப்புறம் கையெழுத்துப் போடலாம்.

மதுரை மாமா (17:50): அந்த 20,000-ல் கிடார் வாங்கிக் கொடுத்த தாய்மாமனுக்குப் பாதி உண்டா?

நான் (17:50): எல்விஸுக்கே இல்லை மாமா.

மதுரை அத்தை (17:52): பாதியெல்லாம் வேண்டாம் கண்ணு. தவணைப் பணம் 6,000 மட்டும் எனக்கு ஜிபே பண்ணிவிடு.