நிக்கான் டி3400: அரங்கேற்றத்துக்கு பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

குடந்தை மாமன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் நிக்கான் டி3400 இருக்கிறது. கூடவே வந்த 18-55, 70-300 இரண்டும் ஏஎஃப்-பி லென்ஸ்கள். வீட்டுக் குழந்தைகள், கோபுரம், மகாமகக் குளத்துப் படித்துறை என்று பகலில் எடுப்பதெல்லாம் நன்றாகவே வருகிறது. மேடை என்று வந்தால்தான் தகராறு.

அக்கா மகளுக்குத் தை மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். ஆல்பத்துக்கு ஆள் பேசியாகிவிட்டது. ஆனாலும் "மாமா, நீங்க எடுக்கிற படமும் எனக்கு வேணும்" என்று பிள்ளை கேட்டுவிட்டாள். அதை நல்லபடியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

சமீபத்தில் அவள் குழுவாக ஆடிய நிகழ்ச்சியில் எடுத்துப் பார்த்தேன். ஃபிளாஷ் இல்லாமல், ஆட்டோவில். பாதிக்கு மேல் கலங்கல். படத்தின் விவரத்தில் 55 எம்எம், எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400 என்று காட்டுகிறது. இந்த எண்களை இப்போதுதான் கவனித்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

கடையில் விசாரித்தால், ஃபுல் ஃபிரேம் பாடி, அதாவது பெரிய சென்சார் உள்ள கேமரா, இல்லாமல் மேடைப் படம் வராது என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் பழைய 85 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் மலிவாக வருகிறது. என்னால் முப்பதாயிரம் வரை போட முடியும். பாடியா, லென்ஸா? அந்த 85-ஐ வாங்கலாமா?

சபா வாசல் எழுதியது:

தம்பி, முதலில் அந்த 85 எஃப் 1.8டியை வாங்க வேண்டாம். நல்ல கண்ணாடிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'டி' வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். டி3400-இல் அந்த மோட்டார் இல்லை. மாட்டலாம், படமும் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஆடுகிற பிள்ளையை அப்படி எடுக்க முடியாது. பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிற லென்ஸாகப் பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் கொடுத்த எண்கள். எஃப் என்பது லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது. 1/60 என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், விநாடியில். ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தை உணரும் அளவு, கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கிறது. கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் முழுதாகத் திறந்தால் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். எஃப் 2 என்று சற்றுக் குறைத்து வைத்தாலே எட்டு மடங்கு. அந்த எட்டு மடங்கை இப்படிச் செலவு செய்யலாம்: ஷட்டரை 1/60-இலிருந்து 1/250-க்குக் கொண்டுபோவதில் நான்கு மடங்கு தீரும், மீதி இரண்டு மடங்கில் ஐஎஸ்ஓவை 6400-இலிருந்து 3200-க்கு இறக்கலாம். அதே மேடை, அதே விளக்கு, அதே பாடி.

கடையில் சொன்ன ஃபுல் ஃபிரேமையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். அதன் சென்சார் பரப்பு உங்கள் கேமராவைவிட இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம். இரைச்சலில் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே லாபம் கிடைக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). லென்ஸில் கிடைப்பது மூன்று ஸ்டாப். மேலும் உங்களிடம் இருக்கும் இரண்டு லென்ஸும் டிஎக்ஸ் என்ற சிறிய சென்சாருக்கென்று செய்தவை. ஃபுல் ஃபிரேம் வாங்கினால் அங்கேயும் புதிதாக லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் தொகைக்கு அது வேலைக்கு ஆகாது.

இனி கலங்கலைப் பற்றி. எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல, இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். முதலில் பிள்ளையின் விரல்களைப் பாருங்கள். முகம், நெற்றிச்சுட்டி எல்லாம் கூர்மையாக இருந்து, முத்திரை பிடித்த விரல்கள் மட்டும் புகைபோல் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. உடம்பில் கடைசியாக நிற்பது கைவிரல்தான். திரைச்சீலை, மைக் ஸ்டாண்ட், பிள்ளை எல்லாமே ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கும் நடராஜர் சிலை பளிச்சென்று இருந்து பிள்ளை மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. கிட் லென்ஸில் உள்ள விஆர் என்ற அதிர்வுக் குறைப்பு, கை ஆடுவதை மட்டும்தான் தாங்கும். ஆடுகிறவரை அது நிறுத்தி வைக்காது. அதனால்தான் 1/60-இல் மண்டபத் தூண் கூர்மையாகவும் பிள்ளை கலங்கலாகவும் வருகிறது.

ஷட்டர் எவ்வளவு வேண்டும் என்பதை நடனமே சொல்லிக் கொடுக்கும். ஜதி ஓடும்போது தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். தீர்மானம் என்ற ஜதிக்கோர்வை முடிந்து சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும் இடத்தில் உடம்பு ஒரு கணம் அப்படியே நிற்கும். அரைமண்டி, நேராகப் பார்க்கும் கண், நீட்டிய கை, எல்லாம் அந்தக் கணத்தில் முழுசாக இருக்கும். அதற்கு 1/250 போதும். தில்லானாவில் குதிப்பு வரும் இடங்களுக்கு 1/500 வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வெளியிலிருந்து வரும் போட்டோகிராஃபருக்குப் பிள்ளை ஆடப்போகும் வர்ணம் என்ற பெரிய உருப்படி தெரியாது, உங்களுக்கு வீட்டிலேயே ஒத்திகை கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தீர்மானம் முடிகிறது என்று காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த லென்ஸும் அதைக் கொடுக்காது.

50-ஆ 85-ஆ என்பது நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தூக்கிய கையிலிருந்து சலங்கை வரை சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, டி3400-இல் 50 எம்எம்முக்குச் சுமார் 6½ மீட்டர் தூரம் வேண்டும். 85-க்குச் சுமார் 11 மீட்டர். இரண்டையும் வாங்காமலே சோதிக்கலாம். அரங்கத்துக்குப் போய் 18-55-ஐ 50-இல் வைத்துப் பாருங்கள், பிறகு 70-300-ஐ 85-இல் வைத்துப் பாருங்கள். படம் கலங்கினாலும் பரவாயில்லை, எவ்வளவு உள்ளே அடங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

வைகைக்கரை எழுதியது:

சபா வாசல் ஐயா சொன்ன கணக்கு சரி. நான் மதுரைப் பக்கம் கல்யாண வேலை செய்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

பணத்தை எங்கே போட்டாலும் அடுத்த பத்து வருடத்தை நினைத்துப் போடுங்கள். கேனானும் நிக்கானும் 2018-இல், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கென்று ஆர், இசட் என்ற புது மவுண்ட்களை (லென்ஸ் மாட்டும் அமைப்பு) கொண்டுவந்துவிட்டன. நிக்கானின் டி6 வந்தது 2020-இல். அதன் பிறகு நிக்கானிடமிருந்து, உங்களுடையது மாதிரி கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் புதிதாக வரவில்லை. அதற்காக டி3400-ஐத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, நன்றாக ஓடுகிற கேமரா. நாளைக்கு இசட் 50 மாதிரி மிரர்லெஸ் ஒன்றுக்குப் போனாலும், ஏஎஃப்-எஸ் லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்யும். 'டி' லென்ஸ் அங்கேயும் கையால்தான். ஆகவே அந்த 85 எஃப் 1.8டியை விட்டுவிட இது இன்னொரு காரணம்.

மிரர்லெஸ்ஸில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம், சபாவில் அது பெரிய வரம். ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், மேடை எல்இடி விளக்குகள் சில இடங்களில் படம் முழுக்கக் குறுக்குப் பட்டைகளாக விழும். ஆகவே அதுவும் எல்லா இடத்துக்கும் மருந்தல்ல. உங்கள் கேமராவில் க்யூ என்று அமைதியான ஷட்டர் மோடு இருக்கிறது, ஆலாபனை நேரத்தில் அதைப் பயன்படுத்துங்கள். ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரியும் சின்ன விளக்கை மெனுவில் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இருட்டு மேடையில் அது ஆடுகிறவர் கண்ணில் அடிக்கும்.

குடந்தை மாமன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி அரங்கத்துக்குப் போய் வந்தேன். இரண்டாம் வரிசையிலிருந்து 50-இல் முழு உருவம் சரியாக அடங்குகிறது. 85-இல் வைத்தால் பாதம் வெட்டுப்படுகிறது. ஆனால் பதத்துக்கு முகபாவம் எடுக்க 85 எவ்வளவு அழகாக இருக்கும் என்றும் தெரிந்தது. பழைய படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் விரல்கள்தான் கரைந்திருக்கின்றன, சிலவற்றில் பின்திரை கூர்மையாக இருக்கிறது.

ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப் 1.8ஜி வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். புதிதா, பழையதா? இன்னொன்று, திரை கறுப்பாக இருக்கிறது. முகம் வெள்ளையடித்த மாதிரி வந்துவிடுகிறது, நகை எல்லாம் ஒரே பளபளப்பு. அதற்கு என்ன செய்வது?

உப்புக்காற்று எழுதியது:

லென்ஸ் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், இருப்பது காரைக்காலில். நம் கடற்கரையில் பழைய லென்ஸ் என்றால் முதல் பயம் பூஞ்சைதான். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தூசி நாலு துளி இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. லென்ஸின் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் பாடியை எடுத்துப்போய் அதிலேயே மாட்டிப் பாருங்கள். எஃப் 1.8 லென்ஸில் சில சமயம் ஃபோகஸ் சற்று முன்னாலோ பின்னாலோ விழும். டி7500 போன்றவற்றில் அதை மெனுவில் திருத்திக்கொள்ளலாம். டி3400-இல் அந்த வசதி இல்லை. ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, நடு வரியில் ஒரு எழுத்தைக் குறிவைத்து எஃப் 1.8-இல் எடுங்கள். பிறகு லைவ் வியூவில், அதாவது கேமராவின் முதுகுத் திரையைப் பார்த்து, அதே எழுத்தை எடுங்கள். இரண்டிலும் அதே வரி கூர்மையாக இருந்தால் தைரியமாக வாங்கலாம். லைவ் வியூ சரியாகவும் வியூஃபைண்டர் வேறாகவும் இருந்தால் வேறு ஒன்றைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு தோல் பையிலோ பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள். காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

சபா வாசல் எழுதியது:

50 எஃப் 1.8ஜி நல்ல முடிவு. 85 ஆசையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பதம் வரும்போது 50-இலேயே எடுத்து வெட்டிக்கொள்ளலாம், 24 மெகாபிக்சலில் அதற்கு இடம் உண்டு.

முகம் வெளுப்பதற்குக் காரணம் அந்தக் கறுப்புத் திரைதான். கேமரா மொத்தப் படத்தையும் பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டுகிறது. எஃப் எண்ணை நாமே வைக்கும் ஏ மோடில் வையுங்கள், எஃப் 2. ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் 1/250, அதிகபட்ச ஐஎஸ்ஓ 6400 என்று மெனுவில் கொடுங்கள். அப்புறம் கூட்டல் கழித்தல் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி மைனஸ் 1-க்குக் கொண்டுவாருங்கள். பிளேபேக் மெனுவில் ஹைலைட்ஸ் என்பதை டிக் செய்துவிட்டால் வெளுத்துப்போன இடம் திரையில் கண் சிமிட்டும். நகையில் ஒரு புள்ளி சிமிட்டினால் விட்டுவிடுங்கள். கன்னமோ நெற்றியோ சிமிட்டினால் இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். விளக்குக்காரர் சிவப்பு, நீலம் என்று போடுவார், எனவே ராவில், அதாவது சென்சார் தரும் மூலக் கோப்பாக, எடுங்கள். ஜேபெக்கில் போன தோல் நிறத்தை மீட்பது கஷ்டம்.

ஃபோகஸை, நகர்பவரைத் தொடர்ந்து பிடிக்கும் ஏஎஃப்-சியில் வைத்து, நடுப் புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் கேமராவின் பதினொரு புள்ளிகளில் குறுக்கும் நெடுக்கும் உணர்வது அது ஒன்றுதான், மங்கிய வெளிச்சத்தில் நம்பகமானது. எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால் பின்திரையைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் சில படங்களில் நடந்தது அதுதான். 6½ மீட்டரில் எஃப் 2 வைத்தாலும் முன்னும் பின்னுமாக ஒரு மீட்டருக்கு மேல் கூர்மை கிடைக்கும். அதனால் புள்ளி மார்பில் விழுந்தாலும் முகம் தப்பாது.

உட்காரும் இடம்: முதல் வரிசை வேண்டாம். மேடை உயரமாக இருந்தால் விளிம்பு பாதத்தை மறைக்கும், பரதத்தில் பாதம் போனால் படமே போயிற்று. நட்டுவாங்கம் செய்பவர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அதே பக்கத்து நடைபாதை ஓரம் பாருங்கள். அப்போது கேமரா எதிர்ப்பக்கத் திரையைப் பார்க்கும், மைக் ஸ்டாண்டும் மிருதங்கமும் குறுக்கே வராது. குருவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வர்ணம் தொடங்குவதற்குள் பேட்டரியையும் கார்டையும் பார்த்துவிடுங்கள். ஒத்திகையில் எடுத்த படம் இரண்டு மூன்றை இங்கே போடுங்கள், எண்களோடு.