குட்டிப் பூனைக்கு நிற்காத கழிச்சல், கையிலோ காசு கம்மி: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

தஞ்சாவூர்

வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், அதில்தான் குடும்பம் ஓடுகிறது. அதனால் "நல்ல ஸ்பெஷலிஸ்டா பாருங்க" என்கிற யோசனை என்னிடம் கிடைக்காது. எங்கள் பொட்டுவுக்கு (செவலைக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை) மாதக்கணக்கில் வயிறு சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. எந்தக் காசு பலன் தந்தது, எது தண்டம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வரும்போதே வயிறு பானை, முதுகைத் தடவினால் எலும்பு தட்டும். மாட்டாஸ்பத்திரியில் பைரன்டெல் பூச்சி மருந்து கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. மறுநாள் சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாக உருளைப்புழு வந்து விழுந்தது. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுமாம். ஒரு தடவை கொடுத்தால் குடலில் இருக்கிற பெரிய புழுதான் போகும். உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இளம்புழு பின்னால் குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பானை வயிறு வற்றியது, கழிச்சல் நிற்கவில்லை. சளி கலந்து போகும், சில நேரம் கடைசியில் ஒரு சொட்டு ரத்தம். ஆனால் தின்பதற்கும் குறைச்சலில்லை, தையல் மெஷின் மிதிக்கட்டையில் ஏறி ஆடுவதற்கும் குறைச்சலில்லை. அதுதான் எங்களைக் குழப்பியது.

தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். ஊசி, ஆன்டிபயாட்டிக் சிரப், டானிக், வயிற்றுக்கென்றே விற்கிற உணவுப் பொட்டலம். மருந்து கொடுக்கும் வரை மலம் கொஞ்சம் கெட்டிப்படும், நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த தடவை வேறு ஆன்டிபயாட்டிக். மலத்தைக் கொண்டு வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. தீபாவளித் தையல் காசில் பாதி அங்கே போனது.

உண்மையைச் சொன்னது தெருமுனை மளிகைக் கடைத் தராசு. கடைக்கார அண்ணன் முதலில் முகத்தைச் சுளித்தார். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, டப்பா எடையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னதும் சரி என்றார். இரண்டு மாதக் குட்டி, 560 கிராம். வாரம் சுமார் 100 கிராம் ஏற வேண்டிய வயது அது. அடுத்த வாரம் போய் நிறுத்தால் 565! தின்கிறதே, ஓடுகிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்ள அதற்குமேல் வழியில்லை.

பட்டுக்கோட்டை பஸ் ஏறி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஒயர் கூடையில் பழைய துண்டு விரித்து, மேலே இன்னொரு துண்டைக் கட்டி. பக்கத்து சீட்டு அம்மா "கோழிக்குஞ்சா?" என்று கேட்டு முடிப்பதற்குள் உள்ளேயிருந்து "மியாவ்". அன்று காலை போன மலத்தை மணல் ஒட்டாமல் அள்ளி மாத்திரை டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். அதை உப்புக் கரைசலில் கரைத்து, மேலே சின்னக் கண்ணாடி வில்லையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மலத்தில் இருக்கிற கிருமி முட்டைகள் லேசானவை, மிதந்து வந்து வில்லையில் ஒட்டிக்கொள்ளுமாம். பயிற்சியில் இருந்த பெண் மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பி, "பாருங்கக்கா" என்றது. நீள்வட்டம், மெல்லிய விளிம்பு, நடுவில் ஒரே ஒரு உருண்டை. பார்த்த இடமெல்லாம் அதுதான். காக்சிடியா என்கிற ஒற்றைச் செல் கிருமி. பைரன்டெல் இதைத் தொடாது, நாங்கள் வாங்கிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்குகளும் தொடவில்லை.

டோல்ட்ராசுரில் என்கிற மருந்தை, எடைக்குத் தகுந்தபடி, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் கொடுத்தார்கள். அந்த உணவுப் பொட்டல விலையில் கால்வாசிகூட அன்றைக்குச் செலவாகவில்லை, பஸ் டிக்கெட் உட்பட.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான். மலத்தோடு வெளியே வரும் முட்டை உடனே தொற்றாது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஒரு நாளிலேயே முற்றித் தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். தஞ்சாவூரில் இரண்டுக்கும் பஞ்சமா? அதனால் போன கையோடு அள்ளிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடருக்கு இது அசையாது, கொதிக்கிற தண்ணீருக்குச் சாகும். மணலை நிறுத்திவிட்டு, தட்டில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு தினமும் மாற்றினேன், தட்டுக்குத் தினமும் கொதிநீர். குட்டியின் பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். இல்லாவிட்டால் நக்கி நக்கி அதுவே திரும்ப உள்ளே அனுப்பிக்கொள்ளும்.

கிருமி போன பிறகும் மலம் சில வாரம் தளர்ந்துதான் இருந்தது. மறுபடி சோதித்தார்கள், முட்டை இல்லை. குடல் ஆறட்டும், சாப்பாட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எடை ஏறிக்கொண்டிருந்ததால் எனக்கும் பதற்றமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ரகசியமாகப் பால் ஊற்றாமல் காவல் காப்பதுதான் பெரும்பாடு. பசும்பால் நிறையப் பூனைகளுக்குச் செரிக்காது, கழிச்சலைக் கூட்டும் என்றால், "பூனைக்குப் பால் ஊத்தாம பாயசமா ஊத்துவாங்க" என்கிறது பாட்டி.

நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், சொல்லுங்கள்.

நாமக்கல்

காக்சிடியா என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோழிப் பண்ணையில் வேலை, இங்கே நாங்கள் இரத்தக் கழிச்சல் என்போம். கோழிக்கு வருவது வேறு இனம், பூனைக்குத் தொற்றாது. பூனையுடையது கோழிக்கும் வராது.

ஆனால் மருந்தின் பெயர் ஒன்றுதான், என் பயமே அதில்தான். இதைப் படித்துவிட்டு யாராவது கோழி மருந்துக் கடையில் போய் ஒரு பாட்டில் வாங்கிவிடப் போகிறீர்கள். கோழிக்கு வருவது 2.5 சதவீதக் கரைசல், குடிதண்ணீரில் கலந்துவிடுவதற்கு. காரத்தன்மை ஜாஸ்தி, அப்படியே குட்டி வாயில் விட்டால் வாய் வெந்துவிடும். பன்றிக்குட்டிக்கு வாயில் கொடுக்கிற 5 சதவீத மருந்து வேறு. அரைக் கிலோ உயிருக்கு அளவெல்லாம் சொட்டுக் கணக்கு. டாக்டர் சிரிஞ்சில் எந்தக் கோட்டைக் காட்டுகிறாரோ அந்தக் கோடுதான். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமா, முழு பாட்டில் வாங்காமல் தேவையான சில மி.லி. மட்டும் ஊற்றித் தருவீர்களா என்று டாக்டரிடமே கேளுங்கள். நிறையப் பேர் தருவார்கள்.

சென்னை, புளியந்தோப்பு

ஆட்டோ ஓட்றேன். என் கதை வேற மாதிரி, யாரும் பயப்படாதீங்க, ஆனா தெரிஞ்சுக்கங்க.

ரெண்டு குட்டி வச்சிருந்தோம். ஒண்ணுக்கு காலைல வாந்தி, மத்தியானம் கழிச்சல், சாயங்காலம் தண்ணி கிண்ணத்து முன்னாடி போய் உட்காருது ஆனா குடிக்கல. உடம்பு கொதிக்குது. சவாரிய விட்டுட்டு வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரத்தம் எடுத்து பார்த்தாங்க, வெள்ளை அணு அடியோட இறங்கிடுச்சு. பேன்லூகோபீனியா வைரஸ், நாய்ங்களுக்கு வர்ற பார்வோவோட சொந்தக்கார வைரஸ்னு சொன்னாங்க. இதுக்கு நேரடியா மருந்து கிடையாது. சலைன் ஏத்தி, வாந்திய நிறுத்தி, வேற கிருமி ஏறாம பார்த்துக்கிட்டு, உடம்பு தானா ஜெயிக்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்கணும். நம்மளுது ஜெயிக்கல. இன்னொண்ணு பொழச்சுது, இப்ப மூணு கிலோ, சோம்பேறி.

தஞ்சாவூர் அக்கா பிளீச்சிங் வேலைக்கு ஆகாதுன்னாங்க, அது காக்சிடியாவுக்கு. இந்த வைரஸுக்கு பிளீச்சுதான் எமன். ஒரு பங்கு பிளீச் தண்ணிக்கு 32 பங்கு சாதாத் தண்ணி கலந்து, தரைய முதல்ல சோப்பு போட்டு கழுவிட்டு, இத ஊத்தி பத்து நிமிஷம் ஊற விடணும். பூனைங்கள வேற ரூம்ல வச்சுட்டு செய்யுங்க, காய்ஞ்சப்புறம் விடுங்க. விட்டு வச்சா அந்த வைரஸ் வீட்டுக்குள்ள ஒரு வருஷம்கூட கிடக்கும். அதனால தடுப்பூசி போடாத புதுக் குட்டிய அந்த வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க.

குட்டிக்கு ஆறு-எட்டு வாரத்துல ஊசி ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரைக்கும் போடணும். பொம்மை, பெட்டு, பெல்ட்டு எல்லாத்தையும் கட் பண்ணி இதுக்கு ஒதுக்குங்க. ஆனா கழிச்சலோட இருக்கறப்ப போடலாமான்னு டாக்டர்தான் சொல்லணும்.

யாழ்ப்பாணம்

எங்கட குட்டிக்கு வந்தது ஜியார்டியா எண்ட குடல் கிருமி. முதல் சோதனையிலை ஒண்டும் தெரியேல்லை. அது ஒவ்வொரு நாளும் மலத்திலை வராது, நாள் விட்டு நாள் மூண்டு தரம் கொண்டு வாங்கோ எண்டு மிருக வைத்தியர் சொன்னார். அப்பிடிக் கொண்டுபோனதாலைதான் பிடிபட்டது. ஒருக்கா 'இல்லை' எண்டு வந்தால் இல்லை எண்டு அர்த்தமில்லை.

மெட்ரோனிடசோல் குளிசை சரியான கைப்பு. குடுத்த உடனை குட்டி வாயாலை நுரை தள்ள, அம்மா "என்னத்தையடா பருக்கினனி" எண்டு குழறத் தொடங்கிட்டா. நஞ்சில்லை, கைப்புக்குத்தான் நுரை. பிறகு குளிசைத் துண்டைத் துளி பட்டருக்குள்ளை உருட்டி, நாக்கின்ரை பின்பக்கத்திலை வைச்சு, உடனை கொஞ்சத் தண்ணியும் சிரிஞ்சாலை விட்டன். தண்ணி விடாட்டில் குளிசை தொண்டைக்குக் கீழை ஒட்டிப் புண்ணாக்குமாம். தண்ணியை வாயின்ரை பக்கவாட்டாலை சொட்டுச் சொட்டாய் விடோணும், நேரை அடிச்சால் புரைக்கேறும்.

கோயம்புத்தூர்

பத்துப் பதினைந்து வருடமாகத் தெருப் பூனைகளுக்குச் சோறு போடுகிறவள், அதனால் கொஞ்சம் அதட்டலாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழிச்சல் என்றதும் ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுகிற பழக்கத்தைக் குட்டியிடம் காட்டாதீர்கள். அதன் உடம்பில் சேமிப்பு கிடையாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். தோலுரித்த கோழிக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, பிய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், பூனைக்கு அத்தியாவசியமான டாரின் என்கிற சத்து அதில் இறங்கியிருக்கும். டாரின் இல்லாமல் தயிர்சாதத்திலேயே வளர்கிற பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். அதற்காகக் கோழியிலேயே பல வாரம் ஓட்டவும் முடியாது. வெறும் கறியில் கால்சியம் கிடையாது, வளர்கிற எலும்பு வளைந்துபோகும். நாலைந்து நாளில் வயிறு கொஞ்சம் நிதானப்பட்டதும் குட்டிகளுக்கான சாதாரணத் தீனியைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். விலை குறைந்த கம்பெனியானாலும் பரவாயில்லை, வாரத்துக்கு ஒரு கம்பெனி மாற்றுவதுதான் கூடாது.

இன்னொன்று, பினாயில். தரை நாறுகிறதே என்று பினாயில் போட்டுத் துடைத்தால், அந்தத் தரையில் நடந்து காலை நக்குகிற குட்டிக்கு அது விஷம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், கால் மாத்திரையே குட்டியைக் கொன்றுவிடும். மனுஷருக்குப் பேதியை நிறுத்துகிற மாத்திரையும் வேண்டாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் மேஜை முன்னால் கௌரவம் பார்க்காதீர்கள். "என்கிட்ட இன்னைக்கு இவ்வளவுதான் இருக்கு, இதுல முதல்ல எதைச் செய்யணும்?" என்று அவர் மருந்துச் சீட்டு எழுதுகிறதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்துக் கடையில் பாதியை வாங்கிப் பாதியை விடுகிறவர்கள்தான் அதிகம். எது முக்கியமோ அதை விட்டுவிடுவோம்.

சேலம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குட்டிக்கு நாலு நாளாகத் தண்ணியாகப் போகிறது. சாப்பிடுகிறது. தஞ்சாவூர் அக்கா, அந்த டோல்ட்ராசுரில் அளவை மட்டும் சொல்ல முடியுமா? கிளினிக் போக இந்த மாதம் வசதி இல்லை.

தஞ்சாவூர்

அளவு சொல்ல மாட்டேன் தம்பி, கோச்சுக்காதீங்க. உங்க குட்டிக்கு அதே கிருமிதானான்னே தெரியாது. வாந்தி இருக்கா? தோள்பட்டைகிட்ட தோலைக் கிள்ளி விட்டா உடனே படியுதா, மெதுவா இறங்குதா? ஈறு ஈரமா இருக்கா, ஒட்டுதா? எடை என்ன?

சேலம்

வாந்தி இல்லைங்க. தோல் உடனே படியுது. ஈறு ஈரமாத்தான் இருக்கு. எடை தெரியாது. பக்கத்து வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, தராசு இருக்கு, கேட்டுப் பார்க்கிறேன்.

சென்னை, புளியந்தோப்பு

கொலுசு தராசா! மீசை எடை தனியா, வால் எடை தனியா சொல்லுமே பாஸ்.

தஞ்சாவூர்

கிராம் போதும். அந்தத் தராசு தாங்குமான்னு முதல்ல கேளுங்க. நாளைக்குக் காலையில் போற மலத்தை மணல் படாம ஒரு ஸ்பூன் அளவு சின்ன டப்பாவுல எடுத்து, உங்க பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் குட்டியையும் தூக்கிக்கிட்டுப் போங்க. காலையிலேயே போயிடுங்க, டாக்டர் அப்புறம் கிராமத்துக்கு மாடு பார்க்கக் கிளம்பிடுவார். பூச்சி மருந்து கடைசியா எப்போ கொடுத்தீங்கன்னு கேட்பாங்க, தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க. மலத்தைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்க. அங்கே வசதி இல்லைன்னா எங்கே அனுப்பலாம்னு அவங்களே சொல்லுவாங்க. நடுவுல வாந்தி எடுத்தாலோ சாப்பாட்டை நிறுத்தினாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.