'ஆஃப் மேங்கோஸ்': இந்தத் துண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

திருநெல்வேலி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஆங்கில இலக்கணத்தைத் தமிழிலேயே விளக்கும் கையேடு ஒன்றை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு அமையவில்லை.

பிள்ளைகள் 'த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி' என்று எழுதுகிறார்கள். கனப்பது பெட்டி, ஆகவே 'இஸ்'. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் இஸ்' என்றும் எழுதுகிறார்கள். அங்கே 'ஃபிரெண்ட்ஸ்' என்று பன்மை வேண்டும், வினை மட்டும் ஒருமையாக இருக்க வேண்டும். அப்புறம் 'ஆன் சண்டே' என்றால் குறிப்பிட்ட ஒரு ஞாயிறு, 'ஆன் சண்டேஸ்' என்றால் ஞாயிறுதோறும். 'பை பஸ்' என்று ஒருமையில் போகிறவர்கள் 'இன் பேர்ஸ்' என்று பன்மையில் நடக்கிறார்கள்.

இவற்றிலெல்லாம் வரும் 'ஆஃப் மேங்கோஸ்', 'ஆன் சண்டேஸ்' போன்ற துண்டுக்கு ஒரு பெயர் வேண்டும். அதற்குள் இருக்கும் பன்மையைப் பார்த்து வினையையும் பன்மையாக்கிவிடும் பிழைக்கு இன்னொரு பெயர். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஆஃப், ஆன் போன்ற பிரெபொசிஷனுக்கு முன்னிடைச்சொல் என்ற சொல் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறதே டீச்சர். துண்டுக்கு 'முன்னிடைத் தொடர்' என்று போட்டுவிடலாம். கடைத்தெரு வழிகாட்டி நூல்கள்வரை இந்தச் சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது. புதிதாக ஒன்றைச் செய்தால் பிள்ளைகள் இரண்டு சொற்களைச் சுமக்க வேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

புழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஏற்க முடியாது. எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

முதலாவது, 'முன்'. நன்னூல் 'இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்' என்கிறது. அங்கே வல்லினம் வருவது உயிருக்கு அடுத்து. இலக்கணத்தில் ஒரு சொல்லுக்கு முன் என்றால் அந்தச் சொல்லைத் தொடர்ந்து வரும் இடம். இதன்படி முன்னிடைச்சொல் பெயருக்குப் பிறகு வர வேண்டிய சொல்லாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் நடப்பதற்கு நேர்மாறு.

இரண்டாவது, 'இடை'. உம், ஏ, ஓ, சாரியை, உவமஉருபு எல்லாம் இடைச்சொல்லில் அடக்கம். ஆஃப், ஆன், இன், டு செய்வது வேற்றுமை உருபின் வேலை. தொகாநிலைத் தொடர் ஒன்பதில் வேற்றுமைத் தொடர் தனி, இடைச்சொல் தொடர் தனி. நம் முன்னோர் பிரித்து வைத்ததை நாம் ஏன் கலக்க வேண்டும்? 'முன்னுருபுத் தொடர்' என்றாவது சொல்லுங்கள். 'முன்' பற்றிய மறுப்பு அப்போதும் நிற்கும். ஆனாலும் பாதிப் பழுது குறையும்.

பெயருக்கு முதலில் வந்து நிற்கும் இடைச்சொல் தமிழில் இல்லாததல்ல. குறுந்தொகையில் 'கொன்னூர் துஞ்சினும் யாம் துஞ்சலமே'. கொன் என்பது இடைச்சொல், ஊருக்கு முதலில் நிற்கிறது. ஆனால் அது பெருமை உணர்த்துகிறது, வேற்றுமைப் பொருள் தருவதில்லை. அதனால்தான் இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கக் கூடாது என்கிறேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, முன்னொட்டு, பின்னொட்டு என்று எல்லோரும் எழுதுகிறோம். 'முன்' எந்தப் பக்கம் என்று எந்தப் பிள்ளையும் குழம்பவில்லை. நன்னூலின் 'முன்' நன்னூல் படித்தவர்களுக்கு. அதோடு, 'அண்டர்', 'பிட்வீன்' எல்லாம் உருபா? 'மேசைக்கு அடியில்', 'இரண்டு வீடுகளுக்கு இடையே' என்று தனிச்சொல் போட்டுத்தானே தமிழில் சொல்கிறோம். முன்னுருபு என்றால் அவை வெளியே நிற்கும்.

டொரண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

எனக்குப் படிப்பித்த ஆசிரியர் 'முன்னிடை' என்றே சுருக்கமாகச் சொல்வார். எனக்கு அதுவே போதும். ஆனால் 'ஆஃப்' பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'இருந்து நீங்கி' என்பது. இன்று இரண்டு எஃப் போட்டு எழுதும் 'விலகி' என்ற பொருளுள்ள சொல்லும் இதுவும் ஒரே சொல்தான். அழுத்திச் சொன்னது ஒருபக்கம் போனது, அழுத்தாமல் சொன்னது மறுபக்கம் போனது. நம் 'இன்' உருபைப் பாருங்கள். 'மலையின் வீழ் அருவி' என்றால் நீங்கல், ஐந்தாம் வேற்றுமை. அதே இன் 'மரத்தின் கிளை'யில் சாரியையாக வந்து உடைமைக்குத் துணை நிற்கிறது. நீங்கலும் உடைமையும் இரண்டு மொழியிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன!

இன்னொன்று. 'ஷி ஒர்க்ஸ் நைட்ஸ்' என்று சொல்வார்களே, அந்த ஈற்று 'ஸ்' பிறப்பால் பன்மை அல்ல. பழைய வேற்றுமை ஈறு எஞ்சி நிற்பது. பின்வந்தவர்கள் அதைப் பன்மையாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

அருமையான செய்தி அண்ணா, தனி இழையில் விரிவாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் தலைப்பு வரவில்லை.

மொழியியல் ஆய்வு மாணவர்:

பெயர் வைக்கும் முன், பிழை ஏன் வருகிறது என்று பார்த்தால் நல்லது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். கேத்ரின் பாக், கேரல் மில்லர் இருவரும் 1991இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 'த கீ டு த கேபினட்ஸ்' போன்ற தொடக்கத்தைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னபோது, சிலர் பன்மை வினைக்குத் தாவினார்கள். சாவி ஒன்று, அலமாரிகள் பல. 'த கீஸ் டு த கேபினட்' என்று திருப்பிப் போட்டால் அந்த அளவு பிழை வருவதில்லை. பன்மைக்குத்தான் இழுக்கும் வலு அதிகம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழில் அடைமொழி முதலில், அது சிறப்பிக்கும் தலைச்சொல் பிறகு. 'மாம்பழப் பெட்டி கனக்கிறது' என்றால் பெட்டி வினையை ஒட்டியே நிற்கிறது. வினைக்கு அருகில் நிற்பதுதான் எழுவாய் என்று காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் தலைச்சொல் முதலிலேயே வந்துவிடுகிறது, வினைக்கு அருகில் மாம்பழங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்', 'ஒன் ஆஃப் மை புக்' என்பதற்கும் ஓரளவு இங்கே விடை இருக்கிறது. 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு 'கள்' விருப்பப்பட்டால் போடுவது. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பதை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று சொன்னது இதைத்தானே?

பிழைக்கு 'அண்மை ஈர்ப்பு' என்று வைக்கலாமா?

பேராசிரியர்:

தம்பி சொன்ன காரணம் மிகச் சரி. பெயர்தான் இயற்பியல் பாடம் போலிருக்கிறது. தமிழ் இலக்கணம் சொல்லும் ஏழு வழுக்களில், அதாவது பிழைகளில், எண் வழு என்று தனியாக ஒன்று இல்லை. தமிழில் எண் பாலுக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் 'மேங்கோஸ்'க்குப் பால் என்று சொல்ல முடியாது, ஆகவே பால்வழுவும் பொருந்தாது. ஒன்று இன்னொன்றோடு கலந்து வருவதற்கு நம்மிடம் 'மயக்கம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒருமை பன்மை மயக்கம் உரைகளில் புழங்குவது. ஒருமைப் பெயர் பன்மைக்கு ஆகும் இடமும் உண்டு என்று தொல்காப்பியமே வழுவமைதி சொல்கிறது. அகநானூற்றில் 'அஃதை தந்தை அண்ணல் யானை அடுபோர்ச் சோழர்' என்று வருகிறது. தந்தை ஒருமை, சோழர் பன்மை. ஆகவே 'அயற்பன்மை மயக்கம்'.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மயக்கம் என்றால் காலை வழிபாட்டில் கீழே விழுவது. 'பக்கத்துச் சொல் பிழை' என்றால் என்ன குறை? கேட்டவுடன் விளங்குகிறது.

யாழ்ப்பாணத்தவர்:

அது விளக்கம், பெயர் இல்லை. கலைச்சொல்லில் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். அயற்பன்மை மயக்கத்துக்கு என் ஆதரவு.

ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் நான் செய்வது இது. முன்னிடையிலிருந்து அதற்குரிய பெயர்வரை விரலால் மூடச் சொல்வேன். 'த பாக்ஸ் … ஹெவி' என்று மிஞ்சும். இப்போது இஸ்ஸா ஆரா என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்தும் சரியான பதில் வரும். ஆகவே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் பெயர் எனக்கு வேண்டும். 'முன்னிடைத் தொடர்' அதைச் செய்கிறது: முன்னிடையில் தொடங்குகிறது, பெயரில் முடிகிறது. அதையே போடுகிறேன். பிழைக்கு இருவர் மயக்கம் என்கிறீர்கள், ஒருவர் மறுக்கிறார். தலைப்பில் அயற்பன்மை மயக்கம், முதல் வரியில் 'பக்கத்துச் சொல்லைப் பார்த்து வரும் பிழை' என்று விளக்கம். இத்தோடு அனுப்பிவிடுகிறேன்.

ஆய்வு மாணவர்:

டீச்சர், ஒரு எச்சரிக்கை. 'எ லாட் ஆஃப் மேங்கோஸ் ஆர்', 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர்' ஆகியவற்றில் விரலால் மூடினால் தவறான விடை வரும். அங்கே உள்ளே இருக்கும் பன்மைதான் வினையை ஆள்கிறது. 'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் மறுபடி 'இஸ்'. ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

ஆசிரியை:

போட்டுவிட்டேன் தம்பி. அளவைச் சொல்லும் தொடர்கள் விலக்கு என்று குறித்திருக்கிறேன்.

பேராசிரியர்:

என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னிடைத் தொடரை நான் ஏற்கவில்லை, முன்னுருபுத் தொடர்தான். இன்னொன்று: 'ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ' என்று தொடங்கினால் அடுத்து வரும் வினை ஒருமையா பன்மையா? 'ஹூ' பற்றி நிற்பது டீச்சர்ஸை. ஆகவே பன்மை என்பேன். ஒருமை எழுதும் நல்ல ஆங்கில எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். இது அயற்பன்மை மயக்கமா, அயலொருமை மயக்கமா? அடுத்த பதிப்புக்கு முன் இதற்கு ஒரு பெயர் வேண்டும்.